கையொப்பங்கள் வேறுபடுகின்றன

பொதுமக்கள் கொடுக்கும் மனுவுக்கு மூன்று நாளுக்குள் ஒப்புகை அனுப்ப வேண்டும். ஒரு மாதத்துக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். முடியாத பட்சத்தில், ஏன் முடியவில்லை என்பதையாவது ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். இது அரசாணை. முப்பத்தைந்து வருடம் கருவூல அலுவலகத்தில் உட்கார்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். இந்த ஆணையின் நகலைப் பலமுறை சுற்றுக்கு விட்டு, 'பார்த்தேன்' என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். எல்லோரும் பார்த்தார்கள்.

என் மனைவியின் மனு ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்குப் போனது. கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். தான் இறந்த பிறகு உடலை எடுத்துக்கொள்ள வேண்டும், முக்கியமாக மூளையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். அரசிடம் எதையும் வாங்காமல், ஒன்றைக் கொடுக்கிறேன் என்று போகிற மனு அபூர்வம். கொடுப்பதற்கும் வரிசையில்தான் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் நெசவுக் குடும்பத்துப் பெண். எட்டாவது வரை படித்தவள். கருவூலக்காரனைக் கட்டிக்கொண்டு வீட்டில் சும்மா இருக்க அவளுக்கு முடியவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. காலையில் நான் அலுவலகத்துக்குக் கிளம்புவதற்கு முன்பே அவளைக் கம்பெனி வேன் ஏற்றிக்கொண்டு போய்விடும். பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. டியூப்லைட் வெளிச்சத்தில் சட்டையை விரித்து, உள்பக்கம் வெளிப்பக்கம் திருப்பி, ஓட்டையோ கறையோ தையல் பிசகோ இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். குறை என்ன என்று எழுத வேண்டியதில்லை. எங்கே என்று காட்டினால் போதும்.

அப்புறம் அவளை எண்ணெய்க் கறை எடுக்கும் டேபிளுக்கு மாற்றினார்கள். ஒரு கையடக்க ஸ்ப்ரே கன், அதற்குக் கீழே ஒரு கேன், கேனில் ஒரு திரவம். விசையை அழுத்தினால் ஊசி போலப் பாய்ந்து, மிசின் எண்ணெய்க் கறையை அடித்துக்கொண்டு போகும். கேனில் பெயர்ச்சீட்டு இருந்ததில்லை. கொஞ்சம் தித்திப்பான வாடை என்பாள். சன்னலைத் திறந்தால் வெள்ளைத் துணியில் தூசி விழும் என்று அந்த அறையைச் சாத்தியே வைத்திருந்தார்கள். பதினொரு வருடம், முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு, அவள் அங்கே நின்றாள். கறை எடுத்த சட்டைகளைக் கொடியில் போட்டுக் காயவைத்து, பெட்டியில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பதும் அவள்தான். வாடை போயிருந்தால் பாஸ். போகாவிட்டால் திரும்பக் கொடிக்கு. வேறு அளவுகோல் கிடையாது.

அந்த மூக்குதான் முதலில் போனது.

ஒருநாள் மாலை வேனிலிருந்து இறங்கி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, இதை மோந்து பாருங்க," என்று ஒரு சட்டையை நீட்டினாள்.

குப்பென்று அடித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"உங்களுக்கு வருதுங்களா? எனக்கு ஒண்ணுமே வரலீங்க. ஒரு லாட்டு முழுக்கப் பாஸ் பண்ணீட்டனாமா. சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும், 'அக்கா மூக்கை அடகு வெச்சுட்டீங்களா'ங்கறான்."

"ஜலதோஷமாயிருக்கும்," என்றேன்.

அந்த ஜலதோஷம் ஏழு வருடம் நீடித்தது. அவளைப் பேக்கிங்கில் பெட்டி எண்ண அனுப்பினார்கள். பெருங்காயம் போட்டது தெரியாமல் ரசத்தில் இரண்டாம் தடவையும் போடுவாள். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். மூளையின் ஓரத்தில் நோய் தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு, கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்னால் வரக்கூடிய முதல் தகவல் அது என்று எனக்கு யாரும் ஒப்புகை அனுப்பவில்லை.

அடுத்தது தோள். வலது தோள் இறுகிப்போய், ரவிக்கை மாட்டச் சிரமப்பட்டாள். எலும்பு டாக்டர் தோள் உறைந்துவிட்டது என்று சொல்லி, கயிறும் கப்பியும் மாட்டி இழுக்கச் சொன்னார். இழுத்தாள். முருகன் கோவிலுக்கு நடக்கும்போது இடது கை வீசும், வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு அப்படியே இருக்கும். "என்ன, மந்திரி மாதிரி ஒரு கையை அடக்கிக்கிட்டு நடக்கறே?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

சிரிக்கவில்லை என்பதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடத்தை எழுதவே கை வரமாட்டேன் என்கிறது. அவள் முகம் மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டது. கண் சிமிட்டுவது குறைந்தது. நான் ஏதாவது சொன்னால் சுவரைப் பார்ப்பது போலப் பார்ப்பாள்.

"என்ன கோபம்?"

"கோவமில்லீங்க."

"மூஞ்சியைப் பார்த்தாத் தெரியாதா எனக்கு?"

"எனக்குள்ள ஒண்ணுமில்லீங்க. நா சிரிச்சுட்டுத்தான் இருக்கறனுங்க."

இதைச் சொன்னபோதும் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. பொய் என்று எடுத்துக்கொண்டேன். எத்தனை நாள் பதிலுக்கு நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. முகத்துத் தசைகளும் இந்த நோயில் இறுகும், உள்ளே சந்தோஷமாக இருப்பவரும் வெளியே கல்லாகத் தெரிவார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

கையெழுத்துக்கு வருகிறேன். மாதச் சாமான் பட்டியலை அவள்தான் எழுதுவாள். துவரம்பருப்பு பெரிதாகத் தொடங்கும், நல்லெண்ணெய் வரும்போது பாதியாகும், சீயக்காய் எறும்பு ஊர்ந்தது போல இருக்கும். நோட்டுக்கடையில் ஒரு நாலு கோடு நோட்டு வாங்கிவந்து, தினம் ஒரு பக்கம் கையெழுத்துப் போடச் சொன்னேன். மாதிரிக் கையொப்பத்தோடு ஒத்துப்போகாத கையொப்பத்தை என் வாழ்நாளில் நான் அனுமதித்ததில்லை. என் வீட்டிலேயே அது நடக்கலாமா? அவளும் பள்ளிக்கூடப் பிள்ளை போல உட்கார்ந்து எழுதினாள். முதல் வரி கோட்டைத் தொடும். பத்தாவது வரி கோட்டுக்கு நடுவில் தொங்கும். "கவனம் வெச்சு எழுது, கை சோம்பறித்தனம் பண்ணுது," என்று சிவப்பு மையில் சுழித்தேன். மூன்று நோட்டு முடிந்தது. இப்போதும் பீரோவில் இருக்கின்றன. எந்த நரம்பியல் டாக்டரிடம் காட்டினாலும் முதல் பக்கத்திலேயே நோயின் பெயரைச் சொல்லிவிடுவார். நான் மூன்று நோட்டுக்கும் மதிப்பெண் போட்டேன்.

நடுக்கத்தையாவது கண்டுபிடித்திருக்கலாம். அதற்கு வேறு ஊரில் இருந்திருக்க வேண்டும். இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் சட்டை நுனியைப் பிடித்து, 'நல்ல காட்டனுங்க' என்று தேய்த்துப் பார்ப்பார்கள். துணியின் தரம் கண்ணில் இல்லை, விரலில் இருக்கிறது என்பது இங்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். துணி இல்லாதபோதும் பழக்கத்தில் விரல் தேயும். அவள் வலது கை மடியில் சும்மா கிடக்கும்போது அந்த இரண்டு விரலும் தேயத் தொடங்கின. ஒரு வருடத்துக்கும் மேலாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தவர் போனவர் எல்லோரும் பார்த்தார்கள். "வேலையை விட்டாலும் கை விடாது போல," என்று அவள் தம்பி கேலி செய்வான். டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் நின்றுவிடும், மடியில் வைத்தால் மறுபடி தொடங்கும். ஓய்வில் நடுங்குவதும் வேலையில் நிற்பதும்தான் இந்த நோயின் அடையாளம். எங்கள் ஊரில் அது அனுபவசாலியின் அடையாளம்.

கண்டுபிடித்தவள் அவளோடு டேபிளில் நின்ற தென்மாவட்டத்துப் பெண். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"எக்கா, என்ன, துணியே இல்லாம தொட்டுப் பாக்குதிய?" என்று கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. "அண்ணாச்சி, இங்க வாங்க. இது தேய்க்கலை. இது தானா ஆடுது. எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் ஆடிச்சு."

கோயம்புத்தூரில் ஒரு நரம்பியல் டாக்டரைப் பார்த்தோம். சின்ன வயதுப் பெண். என் மனைவியிடம் விரலையும் கட்டைவிரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். தட்டினாள். முதலில் அகலமாக, அப்புறம் குறுகி, அப்புறம் விரல் விலகவே இல்லை. கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பல்சக்கரம் போல விட்டு விட்டு வந்தது. நடக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வாசனை தெரியாமப் போச்சுங்களா?"

"ஏழு வருஷமாச்சு."

"மலச்சிக்கல்?"

"உண்டு."

"தூக்கத்துல கை காலை உதறுவாங்களா? கத்துவாங்களா?"

உதைப்பாள். அதை என்னைப் பற்றிய அபிப்பிராயம் என்று நினைத்திருந்தேன். அதைச் சொன்னேன். டாக்டர் சிரித்தார். என் மனைவியும் சிரித்திருப்பாள்.

பார்க்கின்சன் என்றார். நடுமூளையில் கறுப்பு நிறமுள்ள ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்கே உள்ள செல்கள் டோபமின் என்ற பொருளைச் செய்கின்றன. அந்தச் செல்கள் செத்துக்கொண்டே வருகின்றன. நடுக்கம் வெளியே தெரியும்போது உள்ளே பாதிக்கு மேல் போயிருக்கும். நடை சுருங்குவதும், எழுத்து சுருங்குவதும், குரல் சுருங்குவதும் அதனால்தான். மாத்திரை அந்தப் பொருளை வெளியிலிருந்து கொடுக்கும். செல்களைத் திரும்பக் கொண்டுவராது.

"எதனாலங்க வருது?" என்று கேட்டாள் என் மனைவி. அவள் குரல் அப்போதே மேசையைத் தாண்டவில்லை. நான் எடுத்துச் சொன்னேன்.

"பெரும்பாலானவங்களுக்குக் காரணம் தெரியாதும்மா. வயசு ஒரு காரணம். சில குடும்பத்துல மரபணு. பூச்சிமருந்தோட ரொம்ப நாள் வேலை செஞ்சவங்களுக்கு அதிகமா வருதுன்னு சொல்றாங்க. கிரீஸ், எண்ணெய் எடுக்கற சில கரைப்பான் திரவங்களையும் சந்தேகப்படறாங்க."

அவள் கேனைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தக் கேன்ல என்ன இருந்துச்சுன்னு தெரியுங்களா?"

தெரியாது. கம்பெனியையும் அதற்குள் மூடிவிட்டிருந்தார்கள்.

"அப்ப அதுதான்னு என்னால சொல்ல முடியாதுங்கம்மா. சந்தேகப்படலாம். அவ்வளவுதான்."

"ஸ்கேன் எடுத்தா?" என்றேன்.

"சாதாரண ஸ்கேன்ல தெரியாதுங்க. அறிகுறியைப் பார்த்து, மாத்திரை கேக்குதான்னு பார்த்துத்தான் சொல்றோம். நூத்துக்கு நூறு உறுதின்னா, காலத்துக்கு அப்புறம் மூளையைத் திறந்து பார்த்தாத்தான்."

"அப்ப பாக்கச் சொல்லுங்க," என்றாள் என் மனைவி.

டாக்டருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

திரும்பும் பஸ்ஸில் அவளாகவே பேசினாள். "ஒரு பீஸ் டேமேஜ்னா, எங்க ஆச்சு, எந்த மிசின்ல ஆச்சுன்னு பிரிச்சுப் பாத்துட்டுத்தானுங்க அடுத்த லாட்டை உடுவோம். இந்த வேலைக்கு இன்னிக்கும் எத்தனை புள்ளைக நிக்குதுக. என்னையப் பிரிச்சுப் பாக்காமயே அடுத்ததை உட்டர்றதுங்களா?"

"திறந்து பார்த்தாலும் எதனாலன்னு தெரியாதுன்னு டாக்டரே சொல்றாங்க."

"எதனாலன்னு தெரியாட்டிப் போவுதுங்க. எங்கன்னு தெரியுமில்லீங்க. ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு அது போதும்."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் ஒரு பட்டுப்புடவைக்குக்கூட அவள் இரண்டாம் முறை கேட்டதில்லை. இதை மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்டாள்.

மாத்திரை முதல் மூன்று வருடம் அற்புதமாக வேலை செய்தது. முகத்தில் சிரிப்பு திரும்பியது. பழைய கடனெல்லாம் தீர்ப்பது போல எதற்கெடுத்தாலும் சிரித்தாள். பிறகு மாத்திரைக்கும் மாத்திரைக்கும் நடுவில் பள்ளம் விழுந்தது. சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்பு கொடுக்க வேண்டும். பருப்பும் முட்டையும் மாத்திரையோடு சேர்ந்து போனால் மாத்திரைக்கு வழி கிடைக்காது. நான் நேர அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். வாழ்க்கையில் நான் போட்ட கடைசி உருப்படியான அலுவலக உத்தரவு அது.

வாசற்படியில் கால் உறைந்துவிடும். வெட்ட வெளியில் நடப்பாள், கதவு நிலை வந்ததும் பாதங்களைத் தரையோடு ஒட்டியது போல நின்றுவிடுவாள். தள்ளினால் விழுவாள். திருநெல்வேலிக்காரிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தான் சேர்ந்திருந்த புதுக் கம்பெனியிலிருந்து ஒரு சுருள் சிவப்பு ஸ்டிக்கர் கொண்டுவந்து, ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் ஒரு அடிக்கு ஒன்றாகத் தரையில் வரிசையாக ஒட்டினாள்.

"எக்கா, டேமேஜ் இருக்கற இடத்தைப் பாத்து மிதிங்க. ம்... அதுல ஒண்ணு. அடுத்ததுல ஒண்ணு."

என் மனைவி அம்பைப் பார்த்துக் காலைத் தூக்கி வைத்தாள். தாண்டிவிட்டாள். தரையில் கோடோ குறியோ இருந்தால் உறைந்த கால் நகரும் என்று டாக்டரும் பின்னால் சொன்னார்.

"ஊடு முழுக்க டேமேஜ் ஆக்கிப்போட்டியே," என்றாள் என் மனைவி.

"ஏன், அண்ணாச்சி நெத்திலயும் ஒண்ணு ஒட்டிருவமா?"

தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த நான், அந்த வருடம் பங்குனியில்தான் உடல்தானப் படிவம் வாங்கிவந்தேன். மூன்று பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் அவள் கையெழுத்து. காலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, கை நன்றாக இருக்கும் வேளை பார்த்து உட்காரவைத்தேன். கையெழுத்துப் போட முடியாதவருக்கு இடது பெருவிரல் ரேகை, இரண்டு சாட்சி. நடைமுறை எனக்குத் தெரியும். சொன்னேன்.

"எட்டாவது படிச்சவ ரேகை வெப்பனுங்களா?" என்றாள். "நாலு கோடு நோட்டு மூணு முடிச்சிருக்கறன்."

முதல் பக்கத்தில் பெயர் முழுதாக வந்தது. இரண்டாம் பக்கத்தில் பாதி. மூன்றாம் பக்கத்தில் ஒரு கறுப்பு நூல் துணுக்கு. நான் பார்த்தேன். இன்னொருவர் மேசையில் இது திரும்பும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். மாத்திரை வேலை செய்யும் நேரம். சிரிப்பு அப்படியே முகத்தில் வந்தது. நான் உறையை ஒட்டினேன். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்.

இரண்டரை மாதம் கழித்துப் படிவம் திரும்பியது. மேலே ஒரு துண்டுச் சீட்டு: 'பக்கம் ஒன்று மற்றும் மூன்றில் உள்ள கையொப்பங்கள் வேறுபடுகின்றன. சரிசெய்து அனுப்பவும்.'

அந்த வாக்கியத்தை நான் நன்றாக அறிவேன். முப்பத்தைந்து வருடம் அதை எழுதியவன் நான். அன்று ஒரு பெரியவர் நினைவுக்கு வந்தார். ஓய்வூதியக்காரர். அவர் தாள்களை இதே வாக்கியத்தோடு மூன்று முறை திருப்பினேன். மூன்றாம் முறை கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று, "கை இவ்வளவுதாங்க வருது சாமி," என்றார். என்னைவிட இருபது வயது மூத்தவர் என்னைச் சாமி என்றார். "வீட்டுல உக்காந்து பழகிட்டு வாங்க," என்றேன். கவுண்டர் பலகைமேல் கிடந்த அவர் வலது கையில் இரண்டு விரலும் தேய்ந்துகொண்டிருந்தன. துணி வியாபாரம் செய்தவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் முகத்தில் கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை. அதனால் எனக்கு உறுத்தவும் இல்லை.

சீட்டை என் மனைவியிடம் காட்டவில்லை. கையெழுத்து சிறுத்துப்போவது இந்த நோயின் அறிகுறியே என்றும், வேறுபடுவதுதான் மனுதாரர் உண்மையானவர் என்பதற்குச் சான்று என்றும் ஒரு விளக்கக் குறிப்பு எழுதினேன். டாக்டரின் சான்றிதழை இணைத்தேன். நல்ல குறிப்பு. மறுபடியும் பதிவுத் தபால். ஒப்புகை அட்டை வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. ஒரு மாதம் கழிந்ததும் முதல் நினைவூட்டு. இன்னொரு மாதம் கழிந்ததும் இரண்டாவது.

"ஆர்டர் வந்துருச்சுங்களா?" என்று கேட்பாள்.

"ஃபைல் நடந்துக்கிட்டிருக்கு."

"நடக்கட்டுங்க. எங்கியாச்சும் ஊட்டு வாசப்படில நின்னிருக்கும். ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்க."

படிவத்தின் கடைசிப் பக்கத்தில், 'விவரங்களுக்கு' என்று ஒரு தொலைபேசி எண் இருந்தது. திருநெல்வேலிக்காரி அதைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இதுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?"

"போன்ல சொன்னா அது உத்தரவு ஆகாது. நாளைக்கு, 'நான் அப்படிச் சொல்லலையே'ன்னு அவங்க சொன்னா என்ன பண்றது? எழுத்துல வரணும்."

"எழுத்துல வந்துதான் அக்கா கல்யாணம் பண்ணுனாவளா உங்கள?"

என் மனைவியின் தோள் குலுங்கியது. முகம் அசையவில்லை. நான் போன் போடவில்லை.

ஐப்பசியில் விழுங்குவது கடினமானது. தண்ணீர் குடித்தால் புரையேறும். கஞ்சியைக் கெட்டியாக்கிக் கொடுத்தேன். மூலையைப் பார்த்து, "அந்தப் பண்டல் இன்னும் செக்கிங் ஆகலீங்க," என்பாள். அங்கே ஒன்றும் இல்லை. நான் போய் மூலையில் கொஞ்ச நேரம் நின்று, "ஆயிருச்சு," என்று வந்து சொல்வேன். நிம்மதியாவாள். ஒருநாள் கஞ்சி மூச்சுக்குழாயில் போய்விட்டது. காய்ச்சல், நெஞ்சில் சளி. ஐந்து நாள் ஆஸ்பத்திரி. மூன்றாம் நாள் என் கையை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டாள். காதை வைத்துக் கேட்டேன்.

"வந்துருச்சுங்களா?"

இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். எழுத்தில் இல்லாததை நான் சொன்னதில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி காலை ஏழே முக்காலுக்குப் போய்விட்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவள் தம்பி அவிநாசிபாளையத்திலிருந்து வந்து சேர்ந்தான். நல்லவன். ஓரமாக என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, அக்கா ஆசைப்பட்டுது எனக்கும் தெரியுமுங்க. காலேஜுல இருந்து ஆர்டர் வந்துருச்சுங்களா?"

"வரலை."

"அப்பறம் என்னங்க பண்றது? சொந்தமெல்லாம் வந்திருச்சு. மயானத்துக்குச் சொல்லீறட்டுங்களா?"

திருநெல்வேலிக்காரி தன் போனை என் கையில் வைத்தாள். அந்த எண்ணை அவள் என்றோ சேமித்து வைத்திருக்கிறாள். திரை வெளிச்சமாக இருந்தது. பச்சை வட்டத்தைத் தொட்டால் போதும். "போடுங்க அண்ணாச்சி. உங்களுக்குப் புண்ணியமாப் போவும், ஒரே ஒரு தடவை போடுங்க," என்றாள். எந்தக் கோப்பு எண், எந்த உத்தரவு என்று அந்தப் பக்கம் கேட்டால் நான் எதைச் சொல்வேன்? திரை அணைந்துவிட்டது. போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் அதை வாங்கிக்கொண்டு என் மனைவியின் தலைமாட்டுக்குப் போனாள். தலையை வாரிவிடுகிற மாதிரி உட்கார்ந்து, என் மனைவியின் காதுக்குப் பின்னால், முடிக்கு அடியில், எதையோ ஒட்டினாள். நான் குனிந்தபோது சிவப்பு தெரிந்தது. அம்பு உள்ளே பார்த்திருந்தது.

"அக்கா சொல்லியிருந்தாவ," என்றாள்.

மின்மயானத்தில் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. அதற்கு ரசீது உடனே கொடுத்தார்கள்.

பிறகு ஒருநாள் தபால்காரர் மணியடித்தார். கதவைத் திறக்கப் போனவன், தரையில் இருந்த ஸ்டிக்கர்களை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனேன். சாதாரணத் தபால். அரசு உறை. ஒரே பத்தி. உடல் தானத்துக்கு முன்பதிவோ முன்அனுமதியோ கட்டாயமில்லை; இறந்தவரின் விருப்பத்தை அறிந்த நெருங்கிய உறவினர் எழுத்தில் சம்மதித்து, மருத்துவரின் இறப்புச் சான்றுடன் சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் போதும்; தொலைபேசியில் தெரிவித்தால் துறையே வண்டி அனுப்பும்; மூளைப் பரிசோதனைக்கு நோய்க்குறியியல் துறை ஒப்புக்கொண்டுள்ளது; மனுதாரரின் கையொப்பம் குறித்த விளக்கம் ஏற்கப்படுகிறது.

இரண்டு முறை படித்தேன். குறை சொல்ல இடமில்லாத கடிதம். பேனாவை எடுத்து, எந்தத் தபாலுக்கும் செய்வது போல, வலது மேல் மூலையில் எழுதினேன்: பெறப்பட்டது, நவம்பர் 19.